மலைக்குப் போகாதே என்றால் போதுமா?

பத்தாம் வகுப்பு மாணவி

மாசி மாதம் பிறந்ததும் நம் செஞ்சி மலைகளின் நிறம் மாறிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை இடுக்குகளில் பச்சைப் பசேலென்று முளைத்த புல், தை முடிவதற்குள் பழுத்து, மாசியில் வைக்கோலாகிவிடுகிறது. பிறகு ஏதாவது ஒரு நாள் மாலையில், எங்காவது ஒரு குன்றின்மேல் புகை எழும். இருட்டியதும் அந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். "மலை எரியுது" என்று சொல்லிவிட்டு நாம் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். "மழை வருது" என்று யாராவது சொன்னால் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோம். "மலை எரியுது" என்றால் யாரும் ஓடுவதில்லை.

நமக்குப் பழகிப்போன இந்தப் புகையைப் பற்றியும், மலைத் தீயைக் காரணம் காட்டிப் பெண்பிள்ளைகளாகிய எங்களுக்கு இடப்படும் ஒரு தடையைப் பற்றியும் எங்கள் கருத்தை இங்கே கூற விரும்புகிறோம். அன்புள்ள பெற்றோரும், அருட்சகோதரியரும், ஆசிரியைகளும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

குரங்கணியில் நடந்தது

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் குரங்கணி என்று ஒரு சிற்றூர் உள்ளது. அதற்கு மேலே, ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே புல் மண்டிய செங்குத்தான சரிவுகளும் பள்ளத்தாக்குகளும் உள்ளன.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்திருந்த இரண்டு குழுவினர் அன்று மேலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். முப்பது பேருக்கும் மேல் இருந்தார்கள். சென்னைக் குழுவில் பெரும்பாலோர் பெண்கள். மகளிர் தினத்தை ஒட்டி மலையேற வந்தவர்கள் அவர்கள். பிற்பகல் வேளையில் கீழ்ச்சரிவில் எரிந்த தீ, காய்ந்த புல்லைப் பற்றிக்கொண்டு மேல்நோக்கிப் பாய்ந்து வந்தது. திசை தெரியாமல் ஓடியவர்களில் பலர் பள்ளத்தில் விழுந்தனர். தீக்காயம் பட்டவர்கள் நடக்க முடியாமல் பாறைகளிடையே கிடந்தனர். அன்று சிலரும், அடுத்தடுத்த நாட்களில் மருத்துவமனைகளில் பலருமாக மொத்தம் 23 பேர் உயிரிழந்தனர்.

அப்போது நாங்கள் இரண்டாம் வகுப்புச் சிறுமியர். அந்தச் செய்தி எங்களுக்கு அன்று விளங்கியிருக்க நியாயமில்லை. ஆனால் அதன் பிறகு எங்கள் வீடுகளில் பேசப்பட்ட ஒரு பேச்சை நாங்கள் கேட்டே வளர்ந்தோம். "பொம்பளைப் பிள்ளைகளுக்கு மலையிலே என்ன வேலை?" என்பதே அது.

இன்றும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. சுற்றுலா என்று சொன்னால் எங்கள் வீடுகளில் சந்தோஷமாகவே கேட்கிறார்கள். அதில் மலையேற்றம் உண்டு என்று தெரிந்தால் அனுமதிக் கடிதம் கையெழுத்தாகாமல் மேசையிலேயே கிடக்கிறது. அதே வீட்டில், அதே மாதத்தில், அண்ணன் தன் நண்பர்களோடு மலைக்குப் போய்விட்டு இருட்டியபின் வீடு திரும்புகிறான். எந்த வழியாகப் போனாய், யாரோடு போனாய் என்று அவனை ஒருவரும் கேட்பதில்லை. தீ, ஆண் என்றும் பெண் என்றும் பார்த்தா சுடுகிறது?

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. 23 குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை இழந்தன. அந்தத் துயரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அச்சம் ஒன்று, பாதுகாப்பு வேறொன்று. "போகாதே" என்ற சொல் அம்மாவின் மனத்துக்கு ஆறுதல் தருகிறது. மலையில் எரியும் தீயை அது ஒரு முழம்கூடத் தள்ளி வைப்பதில்லை. இதுவே எங்கள் கருத்து. காரணங்களை வரிசையாகச் சொல்கிறோம்.

தீ எப்படி உண்டாகிறது?

தீ எரிய மூன்று பொருள்கள் வேண்டும் என்று அறிவியல் வகுப்பில் படிக்கிறோம். எரிபொருள், காற்று, வெப்பம். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தீ அணைந்துவிடும். அடுப்பங்கரைக்குச் சொல்லப்படும் இந்தப் பாடம் மலைக்கும் பொருந்தும்.

முதலில் எரிபொருளைப் பார்ப்போம். மழை பெய்யாத வருடத்தில்தான் காடு எரியும் என்று நாம் நினைக்கிறோம். நல்ல மழை பெய்த வருடத்திலும் அபாயம் உண்டு. நிறைய மழை பெய்தால் நிறையப் புல் வளரும். பின்பு சில வாரங்கள் வெயில் காய்ந்தால் அத்தனை புல்லும் எரிபொருளாகிவிடும். பெரிய மரம் எளிதில் பற்றிக்கொள்வதில்லை. மெல்லிய புல்லோ ஒரு மணி நேர வெயிலில் காய்ந்து, ஒரு பொறியில் பற்றிவிடும். இலையுதிர் காடுகளில் மாசி, பங்குனியில் தரை முழுவதும் சருகு நிறைந்திருக்கும். தை மாதம் வரை ஈரமாக இருந்த மலை, இரண்டே மாதத்தில் வைக்கோற்போர் ஆகிவிடுவது இப்படித்தான்.

இரண்டாவது, மலையின் சரிவு. ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்து, எரியும் முனை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்தால் அது மெல்ல எரியும். அதையே தலைகீழாகச் சாய்த்தால், சுடர் குச்சியின் வழியே ஏறி, நொடியில் விரலைச் சுட்டுவிடும். மலைச்சரிவிலும் அதுவே நடக்கிறது. கீழே எரியும் சுடர் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் கற்கும் முதற்பாடங்களில் ஒன்று. பகல் ஏற ஏற மலைச்சரிவு சூடாவதால் காற்றும் கீழிருந்து மேல்நோக்கி வீசத் தொடங்குகிறது. ஆகவே பிற்பகலில், காய்ந்த புற்சரிவில், தீக்கு மேலே நிற்பவர்களைவிட ஆபத்தான நிலையில் இருப்பவர் வேறு யாரும் இல்லை. குரங்கணியில் அந்த மக்கள் நின்றது அத்தகைய இடத்தில்தான்.

மூன்றாவது, பொறி. நம் நாட்டில் காடு தானாக எரிவது மிக அரிது. பெரும்பாலான காட்டுத் தீ மனிதர் கையிலிருந்து தொடங்குகிறது. அணைக்காமல் எறிந்த பீடி, தேன் எடுக்கக் கொளுத்திய பந்தம், வயல் வரப்பில் வைத்த தீ, சமைத்துவிட்டு அப்படியே விட்டுப்போன அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று பழைய புல்லுக்கு வைக்கும் நெருப்பு ஆகியவை காரணங்கள். காப்புக் காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றமாகும். சட்டம் நூறாண்டுகளுக்கு மேல் பழையது. தீயோ ஒவ்வொரு கோடையிலும் புதிதாக வருகிறது.

இந்த மூன்றில் எதிலாவது "மலையேறிய பெண்" என்று ஒரு காரணம் இருக்கிறதா? ஆணோ பெண்ணோ, அறியாமல் போனவர் அகப்பட்டுக்கொள்வார். அவ்வளவுதான்.

வீட்டிலிருந்தவர்களைத் தேடி வந்த தீ

மலைக்குப் போகாமல் இருந்தால் தீயிலிருந்து தப்பிவிடலாம் என்று எண்ணுபவர்களுக்கு, பெஷ்டிகோ என்னும் ஊரின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில், காடு சூழ்ந்த ஒரு மரத்தொழில் ஊர் அது. 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், ஒரு ஞாயிறு இரவு, காட்டிலிருந்து வந்த தீ அந்த ஊரை முழுமையாக அழித்தது. சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் எரிந்தது. குறைந்தது 1,200 பேர், ஒருவேளை 2,500 பேர் வரை இறந்திருக்கலாம் என்று கணக்கிடுகின்றனர். அமெரிக்க வரலாற்றிலேயே மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோன காட்டுத் தீ அதுவே. அதே இரவில் சிகாகோ மாநகரிலும் பெருந்தீ பரவியது. உலகம் சிகாகோவைப் பற்றிப் பேசியது, பெஷ்டிகோவை மறந்துவிட்டது.

அந்தத் தீயின் காரணங்களைப் படித்தால் நமக்கு வியப்பு உண்டாகிறது. அந்தக் கோடையில் மழை பொய்த்திருந்தது. மரம் வெட்டியவர்கள் கிளைகளையும் பட்டைகளையும் காட்டிலேயே குவித்துவிட்டுப் போயிருந்தனர். இருப்புப் பாதைக்கு வழி செய்தவர்களும், நிலம் திருத்திய உழவர்களும் ஆங்காங்கே வைத்த சிறு தீக்கள் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தன. ஊரில் வீடும் நடைபாதையும் மரம், தெருவெல்லாம் மரத்தூள். செப்டம்பரிலேயே ஒரு முறை தீ ஊரின் எல்லை வரை வந்துவிட்டுத் தணிந்தது. அதன் பிறகும் மக்கள் புகையோடு வாழப் பழகிக்கொண்டனர். கடைசியில் ஒரு பெருங்காற்று வீசியது. சிறு தீக்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன.

இறந்தவர்களில் பெரும்பாலோர் எந்த மலைக்கும் போனவர்கள் அல்லர். வீட்டில் இருந்தார்கள். படுக்கையில் இருந்தார்கள். தீ அவர்களைத் தேடி வந்தது.

அந்த ஊரின் பங்குத் தந்தையான பீட்டர் பெர்னின் அடிகளார் உயிர் பிழைத்து, தாம் கண்டதை 1874-இல் நூலாக வெளியிட்டார். அன்று மாலையே வானத்தைப் பார்த்து அவருக்கு மனம் நிம்மதியின்றிப் போயிற்று. தோட்டத்தில் குழி தோண்டி, கோயில் பொருள்களையும் தம் நூல்களையும் புதைத்தார். குதிரையை அவிழ்த்துவிட்டார். நற்கருணைப் பேழையை வண்டியில் ஏற்றித் தாமே இழுத்துக்கொண்டு ஆற்றை நோக்கிச் சென்றார். ஆற்றங்கரையில் திகைத்து நின்றவர்களைத் தண்ணீருக்குள் தள்ளினார். ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக, தலையை நனைத்து நனைத்து, அந்தக் குளிர்ந்த நீரிலேயே நின்றார். அவர் இறைவனை நம்பியவர்தாம். ஆனால் நம்பியதோடு நிற்கவில்லை, மண்வெட்டியையும் எடுத்தார். இதை நாம் கவனிக்க வேண்டும்.

பெஷ்டிகோ எங்கே, குரங்கணி எங்கே! இருந்தாலும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. 2018 மார்ச்சு மாதத் தொடக்கத்திலும் தேனி மாவட்ட மலைகளில் ஆங்காங்கே தீ எரிந்துகொண்டுதான் இருந்தது. புகை புதிதல்ல, கோடைதோறும் வருவது. கோடைதோறும் வருவதால் அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. பேரழிவு என்பது ஒரே நாளில் வானத்திலிருந்து விழுவதில்லை. நாம் பார்த்துப் பார்த்துப் பழகிய சின்னப் புகைதான் ஒரு நாள், காற்றும் சரிவும் கூடிய வேளையில், பேரழிவாக மாறுகிறது.

அறிந்தவர் பிழைத்தனர்

1949 ஆகஸ்டு 5-ஆம் நாள், அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில் ஒரு காட்டுத் தீ. விமானத்திலிருந்து குதித்துத் தீயணைக்கும் 15 வீரர்களும், வனக்காவலர் ஒருவரும் அதில் அகப்பட்டனர். தீ கீழிருந்து புற்சரிவில் ஏறிவர, அனைவரும் மேல்நோக்கி ஓடினர். அவர்களின் தலைவர் வாக்னர் டாட்ஜ் மட்டும் நின்றார். தம் முன்னால் இருந்த புல்லுக்குத் தாமே தீக்குச்சி கிழித்து வைத்தார். அது எரிந்து சாம்பலானதும் அந்தச் சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார். பெருந்தீ வந்தது, எரிய ஏதுமில்லாத அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அவர் எழுந்தார். 13 பேர் இறந்தனர்.

டாட்ஜ் மற்றவர்களையும் அந்தச் சாம்பலுக்குள் வரும்படி கூப்பிட்டார். அவர்கள் வரவில்லை. தீயிலிருந்து தப்ப இன்னொரு தீயா என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஏனெனில் அதை அவர்களுக்கு யாரும் முன்னரே கற்பித்திருக்கவில்லை. ஆபத்து வந்த பிறகு கற்பிக்க நேரம் இருப்பதில்லை. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்ட முடியுமா?

குரங்கணியிலும் மலையை அறிந்தவர்களின் உதவியே முதலில் வந்தது. ஹெலிகாப்டர்களும் மீட்புப் படையினரும் பின்னர் வந்தனர். அதற்கு முன்பே அடிவாரத்து ஊர்மக்கள் மேலே ஏறிவிட்டனர். போர்வையிலும் துணியிலும் தொட்டில் கட்டி, காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து இறக்கினர். அவர்களுக்கு அந்த மலையின் ஒவ்வொரு தடமும் தெரியும். மலைக்குப் போகாதவர்களால் அந்த உதவியைச் செய்திருக்க முடியுமா?

அரசும் பின்னர் இந்த வழியில் சிந்தித்தது என்றே சொல்ல வேண்டும். அந்தக் குழுவினர் சென்ற பாதைக்கு முறையான அனுமதி பெறவில்லை என்று கூறிய அரசு, மூத்த அதிகாரி ஒருவரைக் கொண்டு விசாரணை நடத்தியது. 2018-லேயே மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024-இல் தமிழ்நாடு முழுவதும் 40 மலையேற்றப் பாதைகள் முறைப்படி அறிவிக்கப்பட்டன. முன்பதிவு செய்து, உள்ளூர் மக்களிலிருந்து பயிற்சி பெற்ற வழிகாட்டியோடுதான் அவற்றில் செல்ல முடியும். தீ அபாயம் மிகுந்த கோடை வாரங்களில் பாதைகள் மூடப்படுகின்றன. அரசு, "போகவே கூடாது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. "இந்தக் காலத்தில் போகாதே, இந்த வழியில் போ, தெரிந்தவரோடு போ" என்று சொல்கிறது. இதையே எங்கள் வீடுகளும் சொல்லலாமே!

நம் செஞ்சி

இனி நம் ஊரைப் பார்ப்போம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டப்பட்ட நம் கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. மராத்தியர் படைத்தளங்களாக விளங்கிய 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. உலகின் பல பக்கங்களிலிருந்தும் மக்கள் வருவார்கள். ஏறக்குறைய 800 அடி உயரமுள்ள இராஜகிரியின் உச்சிக்கு ஏறுவார்கள். உள்ளூர்ப் பெண்களாகிய நாங்கள் கீழே நின்று அவர்களை வேடிக்கை பார்ப்பதா?

1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. அத்தனை ஆண்டுகள் தாங்கிய கோட்டையில் குளங்களும் சுனைகளும் தானியக் களஞ்சியங்களும் அகழியும் இருப்பதை இன்றும் காண்கிறோம். எதிரி வாசலில் வந்து நின்ற பிறகு குளம் வெட்டத் தொடங்கியவர்கள் அல்லர் நம் முன்னோர். வனத்துறையினர் கோடைக்கு முன்பே காட்டில் புல்லையும் சருகையும் நீண்ட பட்டையாக நீக்கித் தரையை வெறுமையாக்கி வைப்பார்கள். அதைத் தீத்தடுப்புக் கோடு என்பர். தீக்கு எதிராக வெட்டிய அகழி என்று நாம் அதைச் சொல்லலாம். அகழியின் பயன் செஞ்சிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மலையில் எரிவது வெறும் புல்தானே என்று சிலர் கேட்கலாம். தரையில் முட்டையிடும் கௌதாரியும் காடையும், வேகமாக ஓட முடியாத ஆமையும், அப்போதுதான் வேர் பிடித்த மரக்கன்றும் அந்தப் புல்லோடு சேர்ந்தே எரிகின்றன. புல்லும் சருகும் போன மலையில் அடுத்த மழை பெய்யும்போது, மண்ணைப் பிடித்து வைக்க ஏதுமில்லை. மேல்மண் கரைந்து ஓடைக்கும் ஏரிக்கும் வருகிறது. நம் பகுதி மலைகளில் தோன்றி, வீடூர் அணையைக் கடந்து, புதுச்சேரி வரை செல்லும் சங்கராபரணி ஆறு நம் நிலத்தடி நீருக்கு ஆதாரம். மலை எரிந்தால் ஆற்றின் தாய்வீடு எரிகிறது என்று பொருள்.

தீ வைப்பவர்களைத் திட்டி எழுதுவது எளிது. ஆனால் ஆடு மேய்க்கும் ஒருவர் பழைய புல்லுக்குத் தீ வைக்கிறார் என்றால், அவருக்குப் புதுப்புல் வேண்டியிருக்கிறது. அவர் வீட்டு அடுப்பு அந்த ஆடுகளை நம்பியிருக்கிறது. எங்கள் வகுப்பில் ஆடு மாடு உள்ள வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறோம். அந்தக் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். அவருக்குத் தீவனத்துக்கு வேறு வழி காட்டாமல், சட்டத்தை மட்டும் காட்டுவது பாதி வேலைதான். கோடைக்கு முன்பு மலைப்புல்லை அறுத்துச் சேமிக்க அவருக்கு முறைப்படி அனுமதி கிடைத்தால், ஆட்டுக்கும் தீவனம் ஆயிற்று, மலையில் எரிபொருளும் குறைந்தது அல்லவா? இதைப் பெரியவர்கள் ஆராய வேண்டுகிறோம்.

நாங்கள் வேண்டுவது

குறை சொல்வதோடு நிறுத்தினால் கட்டுரை எழுதிய பயன் இல்லை. ஆகையால் சிலவற்றைக் கேட்கிறோம்.

அருட்சகோதரியருக்கும் ஆசிரியைகளுக்கும்: ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறை முடிந்ததும், தீக்காலம் தொடங்குமுன், ஒரே ஒரு பாடவேளையை மலைத் தீக்காக ஒதுக்குங்கள். வனத்துறையிலிருந்தோ தீயணைப்பு நிலையத்திலிருந்தோ ஒருவரை அழைத்துப் பேசச் செய்யுங்கள். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் வேளையில்தான் நம் மலைகளும் சாம்பலாகத் தொடங்குகின்றன. தவக்காலத்தில் நாம் செய்யும் நற்செயல்களில் மலையைக் காப்பதும் ஒன்றாக இருக்கட்டும்.

பெற்றோருக்கு: "போகாதே" என்று சொல்வதற்கு முன் எங்களிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த மாதத்தில் போகிறாய்? அனுமதி பெற்றாயிற்றா? வழி தெரிந்தவர் யார் உடன் வருகிறார்? ஆபத்து வந்தால் எந்த வழியாக இறங்குவாய்? இவற்றுக்கு விடை சொல்ல முடியாவிட்டால் அனுப்பாதீர்கள். நாங்கள் வருத்தப்பட மாட்டோம். ஆனால் இதே நான்கு கேள்விகளை அண்ணனிடமும் தம்பியிடமும் கேளுங்கள். அவர்களும் உங்கள் பிள்ளைகள்தாமே!

தோழியருக்கு: நாம் கற்றுக்கொள்ள வேண்டிய சில செய்திகள் உண்டு. மலையில் புகை கண்டால், அது எவ்வளவு தொலைவில் இருந்தாலும், அதற்கு மேலே உள்ள சரிவில் நிற்கக் கூடாது. மேல்நோக்கி ஓடாமல், பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் விலகிச் செல்ல வேண்டும். குறுகிய பள்ளத்துக்குள் இறங்கக் கூடாது; அது புகைபோக்கிபோல் தீயை இழுக்கும். புல் இல்லாத அகன்ற பாறை, நீர்நிலை, ஏற்கெனவே எரிந்து ஆறிய நிலம் ஆகியவை ஓரளவு புகலிடம் தரும். நைலான் போன்ற துணிகள் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி ஆடையே நல்லது. டாட்ஜ் செய்ததுபோல் தீ வைக்க நாம் முயலக் கூடாது. அது பயிற்சி பெற்றவர் வேலை. எரிந்த நிலம் மீண்டும் எரிவதில்லை என்ற அறிவு மட்டும் நமக்குப் போதும்.

கீழே, ஊரில் இருந்துகொண்டே செய்ய வேண்டியதும் உண்டு. இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டு, வனத்துறையினரின் கைபேசிக்குச் செய்தி அனுப்புகிறது. ஆனால் செயற்கைக்கோள் நம் மலையைக் கடக்கும் நேரத்துக்குள் சிறு தீ பெருந்தீ ஆகிவிடலாம். மலையடிவாரத்தில் வாழும் நம் கண்கள் எப்போதும் அங்கேயே இருக்கின்றன. 101 என்றோ 112 என்றோ அழைத்து, எந்த மலை, எந்தப் பக்கம், எப்போது பார்த்தோம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். "வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று நாம் ஒவ்வொருவரும் நினைப்பதால்தான் யாருமே சொல்லாமல் போகிறோம்.

குரங்கணியில் உயிர் நீத்தவர்கள் மலையை நேசித்தவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லி மற்றப் பெண்களை வீட்டில் பூட்டிவைப்பது அவர்களுக்குச் செய்யும் அஞ்சலி ஆகாது. அவர்களுக்குக் கிடைக்காமற்போன எச்சரிக்கையும் அறிவும் எங்களுக்குக் கிடைக்குமானால், அதுவே அஞ்சலி.

ஆகவே எங்கள் கடைசி வேண்டுகோள் இது. அடுத்த தை மாதத்தில், புல்லில் இன்னும் ஈரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில், எங்களை இராஜகிரிக்கு அழைத்துச் செல்லுங்கள். மலையை அறிந்த ஒரு வனக்காவலரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சரிவு முதலில் காய்கிறது, காற்று எப்போது திசை மாறுகிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது, எந்தப் பாறை புகலிடம் ஆகும் என்று அவர் காட்டட்டும். கற்றுக்கொண்டதை அடுத்த ஆண்டு மலரில் எங்கள் தங்கைகள் எழுதுவார்கள்.